கைராசி சிஸ்டரின் மூன்று விரல்கள்

கீமோ வார்டில் பதினான்கு நாற்காலிகள். எல்லாம் சாய்ந்து படுக்கிற மாதிரியான நாற்காலிகள். பக்கத்தில் ஒரு கம்பி, கம்பியில் ஒரு பை, பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்து. காலை எட்டு மணிக்கு நிரம்பினால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் காலியாகும். இந்தப் பதினான்கு நாற்காலிகளுக்கு நடுவே பத்தொன்பது வருஷமாகச் சுற்றிச் சுற்றி வந்தவளுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்தது. அது வருகைப் பதிவேட்டோடு சரி. மற்ற எல்லாருக்கும் அவள் கைராசி சிஸ்டர்.

புற்றுநோய் மருந்து ஏற ஏற நரம்பு கெட்டுப்போகும். டாக்டர்களின் புத்தகத்தில் அதற்குச் சிரை என்று பேர், வார்டில் எல்லாருக்கும் நரம்புதான். சிலருக்குச் சுருங்கிவிடும், சிலருக்கு ஊசியைக் கண்டதும் நழுவி ஓடும். மற்றவர்கள் மூன்று தடவை குத்தியும் கிடைக்காதது இவள் விரல் பட்டதும் கிடைத்துவிடும். அதில் ராசியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகத் தடவுவாள், அவ்வளவுதான். ஆனால் நோயாளிக்கு ராசி என்று சொன்னால்தான் மனசு ஆறுகிறது. ஆறட்டுமே என்று இவளும் விட்டுவிட்டாள்.

விட்டதில் வந்தது வினை. முதலில், ஒரு தடவை குத்திக் கிடைக்காவிட்டால் "கைராசியைக் கூப்பிடு" என்றார்கள். அப்புறம் குத்திப் பார்க்காமலே கூப்பிட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தால் கூப்பிடுவார்கள், கழிவறைக் கதவைத் தட்டிக் கூப்பிடுவார்கள். அவளுக்கு ஆத்திரமாக வரும். கூப்பிடாமல் ஒரு மணி நேரம் போனாலோ, முகம் வாடிவிடும். பத்தொன்பது வருஷத்தில் அந்த வார்டில் வேறு ஒருத்திக்குக்கூட கடினமான நரம்பு பிடிபடவில்லை. அதற்குக் காரணம் அவர்களுடைய சோம்பல் பாதி, இவளுடைய பெருமை பாதி.

சரி, விரல் விஷயத்துக்கு வருவோம். ஆறு மாசமாக அவளுடைய வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துக்கொண்டு வந்தன. முதலில் விடியற்காலையில் மட்டும், கையை உதறினால் சரியாகிவிடும். பிறகு உதறினாலும் போகவில்லை. சட்டைப் பொத்தான் நழுவியது. டம்ளர் நழுவியது. மணிக்கட்டில் ஏதோ அழுத்துகிறது, சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும் என்று அவளுக்கே தெரியும். ஆனால் அதற்கு முதலில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டாவது டம்ளர் உடைந்த அன்றைக்கு அவர் சிதறலைப் பெருக்கிக்கொண்டே சொன்னார். "லிஃப்ட்ல ஒரு சென்சார் போச்சுன்னா நாங்க லிஃப்ட நிறுத்திடுவோம். ஆள ஏத்தி அனுப்பிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு விட மாட்டோம்."

தன் கை லிஃப்ட் இல்லை என்று அவள் சீறினாள். அவர் அதற்கு மேல் பேசவில்லை. இருபது வருஷக் குடித்தனத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்று கற்றுக்கொண்ட மனிதர்.

சொல்லியிருந்தால் போக்கிடம் இல்லாமலும் இல்லை. நர்சுகளுக்குப் புற்றுநோய்ப் பராமரிப்பு சொல்லிக்கொடுக்கும் பயிற்சிப் பிரிவு அதே ஆஸ்பத்திரியில் இருந்தது. ஆசிரியை இடம் ஒன்று காலியாகக் கிடந்தது. நர்சுகளுக்குத் தலைவியான மேட்ரன், வருகிறாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். இவள் மூன்று தடவையும் சிரித்து மழுப்பிவிட்டாள். வேலை செய்ய முடியாதவர்கள் ஒதுங்குகிற இடம் அது என்பது அவள் எண்ணம். கால் வீங்கிப்போய் வீட்டுக்கு வருவாள், முதுகு விட்டுப்போகும், பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவாள். ஆனாலும் கைராசி என்ற பேரை விட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று பயந்தாள். பயம்தான், வேறொன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரம்மா நாலாவது தடவை மருந்து ஏற்றிக்கொள்ள வந்தாள். மொத்தம் ஆறு. ஐம்பதைத் தாண்டியவள், சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பவள், வாய் சும்மா இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு நர்சின் சீருடையையும் பார்த்து, தோள் இழுக்கிறது, கை ஏறியிருக்கிறது, எவன் தைத்தான் இதை என்று குறை சொல்லுவாள். இடது மார்பில் அறுவை நடந்து அக்குளில் கட்டிகளை எடுத்திருந்ததால் இடது கையில் ஊசி போடக் கூடாது. மிச்சம் இருப்பது வலது கை மட்டும். கத்திரி பிடிக்கிற கை.

அவளுக்கு ஏற்றுவது சிவப்பு மருந்து. நரம்புக்குள் போனால் மருந்து, நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையைத் தின்றுவிடும். அதனால் டாக்டர் முதலிலேயே சொன்னார், நெஞ்சில் தோலுக்கு அடியில் போர்ட் என்று ஒரு சின்ன டப்பாவை வைத்துவிட்டால் கையைக் குத்தவே வேண்டாம் என்று. தையல்காரம்மா மாட்டேன் என்றாள். எனக்குத்தான் கைராசி சிஸ்டர் இருக்காங்களே, நெஞ்சை ஏன் கிழிக்கணும் என்றாள். டாக்டர், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்கிற மாதிரி கைராசியைப் பார்த்தார். கைராசி சிரித்தாள். நடந்த தப்புகளில் முதல் தப்பு அந்தச் சிரிப்புதான்.

அன்றைக்கு அவளோடு நின்றது எலும்பக்கா. இருபத்தைந்து வருஷம் எலும்பு முறிவு வார்டில் வேலை பார்த்துவிட்டு, கட்டுப் போட்ட கனமான ஆட்களைத் தூக்கித் திருப்ப முடியாமல் இங்கே மாற்றல் வாங்கி வந்தவள். கைராசியைவிட ஏழெட்டு வயசு மூத்தவள், இந்த வார்டுக்கோ புதுசு. வந்த ஒரு மாசமாக, ஏன் இப்படி, எதற்கு அப்படி என்று கேட்டுக் கேட்டு எல்லாரையும் படுத்திக்கொண்டிருந்தாள்.

கைராசி வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையுறை மேல் இன்னொரு கையுறை போட்டுத் தடவுகிற மாதிரி இருந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். பதினோரு பேர் காத்திருந்தார்கள், எதிரே தையல்காரம்மா நம்பிக்கையோடு கையை நீட்டிக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்தாள், புறங்கையில் நீலமாகத் தெரிந்த இடத்தைப் பார்த்துக் குத்தினாள். ரத்தம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைத் தள்ளினாள், இடையிடையே இழுத்துப் பார்த்தாள், ரத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. எரியுதாம்மா என்று கேட்டாள். இல்லை என்று தையல்காரம்மா தலையாட்டினாள்.

எலும்பக்கா ஊசியைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட நோயாளிக்குக் கால் விரலைப் பார்த்துத்தான் எல்லாம் சொல்ல வேண்டும் என்பது அவள் பழைய வார்டின் பாடம். பழக்கதோஷத்தில் நோயாளியின் காலைப் பார்த்தாள்.

"சிஸ்டர், நிறுத்துங்க. அவங்க கால் விரல மடக்கிக்கிட்டு இருக்காங்க."

நிறுத்தினாள். ஊசிக்குச் சற்று மேலே, மணிக்கட்டுப் பக்கம் தோல் லேசாக உப்பியிருந்தது. இவ்வளவு அருகில் இருந்தும் அது அவள் கண்ணுக்குப் படவில்லை. பிறகு நடந்தது எல்லாம் முறைப்படி நடந்தது. ஊசியை எடுக்காமல் உள்ளே இருந்த மருந்தை உறிஞ்சி எடுத்தார்கள், டாக்டர் ஓடி வந்தார், வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் கோடு போட்டுப் படம் எடுத்தார்கள், ஐஸ் ஒத்தடம் வைத்தார்கள், கசிந்ததை முறிக்கும் மாற்று மருந்து ஏற்றினார்கள். எலும்பக்கா பார்த்திராவிட்டால் கை முழுக்கப் போயிருக்கும் என்றார் டாக்டர்.  

அன்று மாலை விபத்து அறிக்கை எழுத உட்கார்ந்தாள். 'காரணம்' என்று ஒரு கட்டம். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆதரவாகவே பேசினார்கள். யானைக்கும் அடி சறுக்கும் சிஸ்டர், நரம்பு மெலிசுன்னு எழுதுங்க, நாலாவது தடவை, யார் போட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும். எலும்பக்கா மட்டும் எல்லாரும் போன பிறகு ஒன்று கேட்டாள்.

"போடறப்ப நரம்பு உங்க விரலுக்குத் தட்டுப்பட்டுதா?"

"இல்லக்கா."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

கைராசி பேனாவை எடுத்தாள். கட்டத்தில் 'நரம்பு மெலிசு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஐந்தாவது தடவை. தையல்காரம்மாவுக்கு ஒதுக்கிய ஒன்பதாம் நம்பர் நாற்காலி காலியாகவே இருந்தது. மத்தியானம் வரை பார்த்துவிட்டுக் கைராசி போன் செய்தாள். கை வீக்கம் வடிந்துவிட்டது என்றாள் தையல்காரம்மா, ஆனால் ஒரு இடம் கறுத்துக் கெட்டியாக இருக்கிறது, துணி வெட்ட உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் விரல் இழுத்துக்கொள்கிறது, இனி மருந்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். கைராசி கெஞ்சினாள். கட்டி போய்விட்டது என்று பாதியில் விட்டால் திரும்ப வரும், வாரக்கணக்கில் தள்ளிப் போட முடியாது, போர்ட் வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்றாள்.  பிறகு தையல்காரம்மா சொன்னாள்.

"நீங்களே போடறதா இருந்தா வர்றேன் சிஸ்டர். உங்க கையிலயே இப்படி ஆச்சுன்னா, மத்தவங்க போட்டா என் கதி என்ன? வேற யாரும் என்னைத் தொடக் கூடாது."

போனை வைத்த பிறகு கைராசிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கையைக் கெடுத்தவளை நம்பி உயிரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே ஒருத்தி.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. விலாசம் தேடிப்பிடித்துக் கடைக்குப் போனாள். நடந்து போகும்போது பாதி வழியில் திரும்பிவிடலாமா என்று நினைத்தாள், களைப்பில் அதற்கும் தெம்பில்லை. ஒரே ஒரு அறை, இரண்டு மிஷின், சுவர் முழுக்க வெட்டித் தொங்கவிட்ட துணிகள். தையல்காரம்மா அவளைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். கைராசி உட்காரவில்லை.

"என் விரல் மூணும் மரத்துப்போயிருக்கும்மா. ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கு உங்க நரம்பு எனக்குத் தட்டுப்படவே இல்ல. கண்ணால பாத்துத்தான் குத்தினேன்."

தையல்காரம்மா கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். "தெரிஞ்சேதான் குத்தினீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"எனக்கு எரிஞ்சுது. மருந்து உள்ள போன ஒடனேயே எரிஞ்சுது. நீங்க கேட்டீங்க, நான் இல்லன்னேன். ஏன் தெரியுமா? அவ்வளவு பெரிய கைராசி போடறாங்க, எரியுதுன்னு சொன்னா நாலு பேர் முன்னாடி அவங்க பேருக்குக் கேடுன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். உங்க பேரக் காப்பாத்த என் கையக் குடுத்திருக்கேன் நான்."

 கைராசி மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வந்திருந்தாள். அந்த வார்த்தை இப்போது வாயில் வரவில்லை, வந்தாலும் அதற்கு என்ன மதிப்பு? இனிமேல் நான் யாருக்கும் ஊசி போட மாட்டேன், எலும்பக்கா போடுவாங்க, உங்க கால் விரலப் பார்த்தாங்களே அவங்க, எப்படியாவது வந்துடுங்க என்று மட்டும் சொன்னாள்.

"போங்க சிஸ்டர்," என்றாள் தையல்காரம்மா. சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

அடுத்த நாள் காலையில் மேட்ரன் அறைக்குப் போய் அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுத்தாள். மேட்ரன் இரண்டு முறை படித்தார். ஆறு மாசமா என்று கேட்டார். பிறகு உத்தரவுகள் வந்தன. எச்சரிக்கைக் கடிதம், மணிக்கட்டு அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பு, விரல் சரியாகிற வரை ஊசியைத் தொடக் கூடாது. பயிற்சிப் பிரிவு இடத்தைப் பற்றி மேட்ரன் பேச்சே எடுக்கவில்லை. கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்று இவளும் கேட்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது திண்டாட்டம். கைராசி இருக்கிறாள், கை இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்று குத்து, நாலு குத்து. அழுகிறவர்கள் அழ, திட்டுகிறவர்கள் திட்ட, இவள் பக்கத்தில் கைகட்டி நின்றாள். நின்றபோதுதான் தெரிந்தது, பத்தொன்பது வருஷமாகத் தன் விரல் என்ன செய்தது என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. துள்ளும், அங்கே போடு என்பாள். எப்படித் துள்ளும் என்று எலும்பக்கா விடாமல் கேட்பாள். ஸ்பிரிங் மாதிரி என்றாள், சரிப்படவில்லை. ரப்பர் குழாய் என்றாள், கெட்டியாக இருந்த எதையோ பிடித்துக்கொண்டு குத்தினார்கள். பத்து நாள் இப்படியே போனது. கால் வலியோடு இப்போது தொண்டை வலியும் சேர்ந்துகொண்டது.

கடைசியில் ஒரு மத்தியானம், கண் எரிகிறது என்று இமையை மூடித் தேய்த்துக்கொண்டவள் சட்டென்று நிறுத்தினாள். "எல்லாரும் கண்ண மூடி, இமை மேல விரல மெதுவா வச்சுப் பாருங்க. கொஞ்சம் அமுங்கி, திரும்ப வந்து விரலத் தொடுதில்ல? அதான். அமுங்காம கயிறு மாதிரி இருந்தா அது நரம்பு இல்ல, விட்டுடுங்க." நாலு நர்சுகள் நின்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இமையைத் தொட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு, மற்ற எல்லாரும் கைவிட்ட ஒரு பெரியவருக்கு, வார்டிலேயே பயந்தாங்கொள்ளியான சின்ன நர்ஸ் முதல் குத்திலேயே போட்டுவிட்டாள். பெரியவர் உனக்கும் கைராசிம்மா என்றார். ராசியெல்லாம் இல்லை தாத்தா, அவ கத்துக்கிட்டா என்று கைராசி கொஞ்சம் கடுப்பாகவே சொன்னாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு ஒரே சந்தோஷம். தான் போட்டுக் கிடைத்த ஆயிரம் நரம்புகளுக்கும் வராத சந்தோஷம். இத்தனை வருஷம் இதை எங்கே போய்த் தொலைத்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த வார இறுதியில் மேட்ரன் கூப்பிட்டு, புதிதாக வருகிற நாலு பேரை நீங்களே பழக்குங்கள், பார்க்கலாம் என்றார்.

தையல்காரம்மா இரண்டு வாரம் தாமதமாக வந்தாள். நெஞ்சில் போர்ட் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒன்பதாம் நம்பர் நாற்காலியில் உட்கார்ந்தாள், எந்தச் சீருடையையும் குறை சொல்லவில்லை. கைராசியின் பக்கம் திரும்பவே இல்லை. பழக வந்த நாலு பேர் நின்று பார்க்கலாமா என்று எலும்பக்கா அனுமதி கேட்டாள். நிக்கட்டும் என்றாள்.

எலும்பக்கா போர்ட்டில் ஊசி போட்டாள், ரத்தம் இழுத்துப் பார்த்தாள், சிவப்பு மருந்தை ஆரம்பித்தாள். கைராசி வாய் தவறி, எரியுதாம்மா என்று கேட்டுவிட்டாள்.

"எரிஞ்சா நானே சொல்லுவேன்," என்றாள் தையல்காரம்மா, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். "நிறுத்துங்க. என்னவோ பண்ணுது."

எலும்பக்கா கை அப்படியே நின்றது. ரத்தம் இழுத்துப் பார்த்தார்கள், நன்றாக வந்தது. வீக்கம் இல்லை. டாக்டரைக் கூப்பிட்டார்கள், அவர் வர இருபது நிமிஷம். மற்ற நாற்காலிகளில் முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில் பார்த்தால், மேலே ஒட்டிய பிளாஸ்திரி தோலை இழுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். பிரித்து மறுபடி ஒட்டினார்கள். புதிய நர்சுகளில் ஒருத்தி, ஒண்ணுமே இல்லாததுக்கு இவ்வளவு நேரம் போச்சே என்று பக்கத்தில் நின்றவளிடம் முனகினாள். எல்லாருக்கும் கேட்டது.

"ஒண்ணும் இல்லன்னு நிறுத்தினப்புறம்தான் தெரிஞ்சுது," என்றாள் கைராசி. "நிறுத்தலன்னா யாருக்குத் தெரியும்?"

தையல்காரம்மா இப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பார்வையில் கோபம் அப்படியே இருந்தது, குறைந்த மாதிரித் தெரியவில்லை. பிறகு அந்த நாலு பேரையும் பார்த்தாள்.

"இவங்ககிட்ட நல்லாக் கத்துக்கோங்க. ஆனா இவங்கள மாதிரி பேரு மட்டும் எடுத்துடாதீங்க. நீங்க பேரு எடுத்தீங்கன்னா, வலிக்குதுன்னு நாங்க வாயத் தொறக்க மாட்டோம்."

நாலு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒருத்தி ஓரக்கண்ணால் கைராசியைப் பார்த்தாள், இவள் இப்போது அழப்போகிறாளா, கோபிக்கப்போகிறாளா என்று. கைராசிக்குச் சுருக்கென்று தைத்தது.  இந்தப் பாடத்தை இவ்வளவு நன்றாகத் தன்னால் நடத்தியிருக்க முடியாது என்று தோன்றியது.

"எழுதிக்கோங்க," என்றாள்.